கணவாய் இறக்கத்துக்குப் பிறகு

என் கணவர் லாரி ஓட்டுநராக இருந்தவர். இருந்தவர் என்று எழுதுவதால் அவர் இறந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். நன்றாக இருக்கிறார். நான் இதை எழுதும் இந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார். லாரியைத்தான் விட்டுவிட்டார். லாரியோடு பைக், மொபெட், கார் என்று ஸ்டியரிங்கோ ஹேண்டில்பாரோ இருக்கிற எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

நான் பிறந்தது மொரப்பூர் பக்கம். என் அப்பா ரயில் நிலையத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் நேரம் என்றால் ரயில் நேரம்தான், பயணம் என்றால் ரயில் பயணம்தான். அதனால் அதியமான்கோட்டையிலிருந்து ஒரு லாரி டிரைவரின் ஜாதகம் வந்தபோது உறவுக்காரர்கள் அத்தனை பேரும் முகம் சுளித்தார்கள். "டிரைவருக்கா குடுக்கறீங்க? அவன் எந்த ஊருல இருக்கான்னே தெரியாதுங்களே" என்று அத்தை கேட்டார். மாப்பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில் அப்பா வண்டியைக் காட்டச் சொன்னார். கேபினுக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தார். படுக்கை மடித்து வைத்திருந்தது, கண்ணாடி துடைத்திருந்தது, சீட்டுக்கு அடியில் ஒரு பீடித் துண்டுகூட இல்லை. கீழே இறங்கி, "பொண்ணக் குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் நான் நெடுஞ்சாலை ஓரத்துக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் ஊரில் ரோட்டைப் பார்க்காத பிழைப்பு குறைவு. பஞ்சர் கடை, டீக்கடை, தார்ப்பாய் தைக்கிறவர்கள், லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள். வெள்ளாமை செய்கிறவர்களும் கடைசியில் ரோட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். தக்காளி ஏற்ற டெம்போ வரவில்லை என்றால் அன்றைக்குப் பறித்தது மாட்டுக்குத்தான். சாமந்திப்பூ ஒரு பகல் தாமதித்தால் விலை போகாது. எனக்குக் கல்யாணமான புதிதில் ரோடு இப்போதைவிடக் குறுகலாக இருந்தது. பிறகு அகலப்படுத்தினார்கள். நடுவில் தடுப்பு வந்தது, எங்கள் கொல்லையின் ஒரு பகுதி போயிற்று, வண்டிகள் பறக்க ஆரம்பித்தன. எதிர்ப்பக்கம் இருந்த மாமா வீட்டுக்குப் போக முன்பெல்லாம் தெருவைக் கடக்கிற மாதிரி கடந்து போவேன். அதற்கப்புறம் மாதக்கணக்கில் போகாமலே இருந்திருக்கிறேன்.

அவர் நாக்பூருக்கும் டெல்லிக்கும் லோடு எடுத்துப் போவார். புளி போகும், மாங்கூழ் டின்கள் போகும். திரும்பும்போது வெங்காயமோ துணியோ ஏற்றி வருவார். வழியில் எங்கிருந்தாவது போன் பண்ணி, "சாப்டாச்சா?" என்று கேட்பார். இந்தப் பக்கத்திலிருந்து நானும் அதையே கேட்பேன். நாங்கள் பேசியதில் பாதி அதுதான். வீட்டுக்குச் சுவர் எழும்பியது அந்த வருமானத்தில். கல்யாணத்துக்குப் பிறகு என்னை ஆசிரியர் பயிற்சி படிக்கவைத்ததும் அந்த வருமானம்தான். எனக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்த அன்று அவர் ராஜஸ்தானில் எங்கோ இருந்தார். போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார்.

எங்கள் மகள் பெரிய வகுப்புக்கு வந்ததும் தூர லோடு வேண்டாம் என்று முடிவு செய்து, பக்கத்து மாவட்டங்களுக்குள் ஓடும் கிரானைட் லாரி ஒன்றில் சேர்ந்தார். வாரத்தில் பாதி நாள் வீட்டுச் சாப்பாடு. அந்தச் சந்தோஷம் அதிக காலம் நிற்கவில்லை.

கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம். வடகத்துக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தேன். அவரோடு முன்பு ஓட்டிய ஒருவர் போன் செய்தார். "அக்கா, பதறாதீங்க. அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல. தொப்பூர் கணவாய் எறக்கத்துல வண்டி அடிச்சிருச்சு. தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

அவருக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப்போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். நான் கிட்டே போய் நின்றும் என்னைப் பார்க்கவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி, "ஒரு ஆளு போயிட்டாரு" என்றார்.

நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் பிள்ளைகளோடு ஒரு கார். அதன்மேல் ஏறாமலிருக்க வண்டியை மலைப்பக்கம் ஒடித்துப் பாறையில் மோதி நிறுத்தப் பார்த்திருக்கிறார். அந்த ஓரத்தில் ஒரு பைக் போய்க்கொண்டிருந்தது. பைக்கில் இருந்தவர் கம்பைநல்லூர் பக்கத்து விவசாயி. கிணற்று மோட்டாரைப் பழுதுபார்த்துக் கம்பிச்சுருள் கட்டச் சேலத்தில் கொடுத்திருந்தார். அதை வாங்கிவரப் போனவர். அவருக்கு மனைவி, ஒரு சிறிய பெண், வயதான அப்பா.

வழக்கு சில வருடம் நடந்தது. வண்டியின் கோளாறுதான் காரணம், ஓட்டியவர்மேல் குற்றமில்லை என்று முடிந்தது. தீர்ப்பு வந்த அன்று உறவினர்கள் இனிப்பு வாங்கி வந்தார்கள். அவர் அதைத் தொடவில்லை.

லைசென்ஸ் கைக்குத் திரும்பி வந்தபோது அதை பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். பைக்கைத் தார்ப்பாய் போட்டு மூடினார். ஊருக்குள் எங்கும் நடந்தே போனார். பஸ்ஸில் ஏறவேண்டி வந்தால் கடைசி சீட்டுக்குப் போய்விடுவார். முன்கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற இடத்தில் அவரால் உட்கார முடியவில்லை. மீதியிருந்த நிலத்தில் தக்காளி போட்டார், ஒரு மாடு வாங்கினார். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒவ்வொரு தடவையும் இன்னொருவர் வண்டியை எதிர்பார்த்து நின்றார். நாடு முழுக்கச் சரக்கு கொண்டுபோனவர் நாலு கூடை தக்காளியோடு ரோட்டோரம் நிற்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

இந்தச் சமயத்தில் எனக்கு மலையடிவாரத்துப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. காலையில் ஒரு பஸ், அதைத் தவறவிட்டால் நடைதான். ஒருநாள் மழையில் நனைந்துகொண்டே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு வெளியே கூரை நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். அன்று மாலை அவரிடம் சொன்னேன்.

"நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேங்க."

மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "எறக்கத்துல கியர எடுத்துடாத" என்று மட்டும் சொன்னார்.

தர்மபுரியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்தவர் என்னைவிடச் சின்னவர். "கிளட்ச்ச மெதுவா வுடுங்க டீச்சர், அது என்னா பள்ளிக்கூடத்து மணியா, படார்னு அடிக்கறதுக்கு" என்பார். தெருவில் சிலர் சிரித்தார்கள். புருசன் ஆளைக் கொன்றான், பெண்டாட்டி எத்தனை பேரைக் கொல்லப் போகிறாளோ என்று ஒரு பெண் சொன்னது என் காதுக்கும் வந்தது. இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. பிறகு போனேன். பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினோம்.

அந்தக் காரில் அவர் ஏறவில்லை. ஆனால் தினமும் காலையில் நான் புறப்படுவதற்கு முன்னால் அதைச் சுற்றி வருவார். டயரைக் கையால் அழுத்திப் பார்ப்பார். பானட்டைத் தூக்கி ஆயிலையும் பிரேக் ஆயிலையும் பார்ப்பார். கதவுக்கு வெளியே நின்று, "பெடல மிதி" என்பார். மிதிப்பேன். "கெட்டியா இருக்குதா?" கெட்டியாக இருக்கிறது என்பேன். பிறகுதான் கேட்டைத் திறப்பார். எச்சரிக்கையான மனிதர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் விடுமுறை முடியும் சமயம் ஒருநாள் காரைக் கழுவிக்கொண்டிருந்தவர், ஈரத் துணியைப் பிழிந்தபடியே கேட்டார். "கம்பைநல்லூர் வரைக்கும் போலாமா?"

எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை. சேலை மாற்றிக்கொண்டு வந்தேன். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தர்மபுரியைத் தாண்டி இருமத்தூர் வழியாகப் போனோம். போகிற வழியெல்லாம் எனக்குப் பின்னால் அவர் கால் தரையை அழுத்துவது தெரிந்தது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் காரை நிறுத்தி, "திரும்பிடலாங்களா?" என்று கேட்டேன். "வேணாம், போ" என்றார்.

விசாரித்துப் போனதில் வீடு எளிதாகக் கிடைத்தது. புளியமரத்துக்கு அடியில் சிமென்ட் வாசல். இறந்தவரின் மனைவி சாக்கு விரித்து உட்கார்ந்து, சுத்தியலால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைவிட வயது குறைவு. உள்ளே கட்டிலில் அவருடைய மாமனாரான பெரியவர் படுத்திருந்தார். என் கணவரைக் கண்டதும் அந்தப் பெண்ணுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. கோர்ட்டில் பார்த்திருப்பார். கையிலிருந்த சுத்தியல் நின்றது.

"யாரு வந்துருக்கறது?" என்று உள்ளேயிருந்து பெரியவர் கேட்டார்.

"வழி கேட்டு வந்தவங்க, மாமா" என்று உரக்கச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "எதுக்கு வந்தீங்க?" என்றார்.

என் கணவர் நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பெண் உட்காரச் சொல்லவும் இல்லை, நாங்கள் உட்காரவும் இல்லை.

"அன்னிக்கு நாந்தாங்க அவரத் தூக்குனேன்" என்றார். "கொஞ்ச நேரம் நெனவு இருந்துச்சு. அத உங்ககிட்ட சொல்லணும்னு..."

"என்னா சொன்னாரு?"

"பைக்கு கீழ கெடந்துச்சுங்க. இஞ்சின் ஓடிட்டே இருந்துச்சு. 'வண்டிய ஆஃப் பண்ணுங்க, பெட்ரோல் போவுது'ன்னாரு. நான் போயி ஆஃப் பண்ணிட்டு வந்தேன். 'பண்ணிட்டேங்க'ன்னேன். தலைய ஆட்டுனாரு. அவ்வளவுதாங்க. அப்பறம் பேசல."

அந்தப் பெண் புளியங்கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா" என்றார். "அப்படித்தான். சந்தையில நின்னு ரெண்டு வார்த்த பேசுனாக்கூட ஆஃப் பண்ணிடுவாரு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். எனக்குக் கிட்டே போய்த் தோளைத் தொடவேண்டும் போல இருந்தது. அந்த உரிமை எனக்கு இல்லை என்று நின்றுகொண்டேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக அவரைப் பார்த்துக் கேட்டார். "நியூட்ரல்ல வந்தீங்களா? டீசல் மிச்சம் புடிக்க லாரிக்காரங்க அப்படித்தான் எறங்குவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"இல்லீங்க. கியர்லதான் வந்தேன்." அதோடு காருக்குத் திரும்பி வரப்போகிறார் என்று நினைத்தேன். "ஆனா மேல டீ குடிக்க நிறுத்துனப்பவே பிரேக் பெடல் உள்ள போச்சுங்க. எனக்குத் தெரிஞ்சுது. ஓனருக்குப் போன் பண்ணேன். லோட எறக்கிட்டு வந்து பாத்துக்கலாம்னாரு. நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சாவிய எடுத்துட்டு எறங்கியிருக்கணும். எறங்கல."

இது எனக்குத் தெரியாது. அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், வக்கீலிடமும் கோர்ட்டிலும் கூடவே நின்றும், இதை முதல்முறையாக அந்த வாசலில்தான் கேட்டேன். காலையில் கதவுக்கு வெளியே நின்று அவர் கேட்ட கேள்வியெல்லாம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பெண் கத்தவில்லை. சபிக்கவும் இல்லை. சுத்தியலைக் கையில் எடுத்தார். "போங்க" என்றார். "மாமா எந்திரிச்சு வரதுக்குள்ள போயிடுங்க."

காரைத் திருப்பும்போது அந்த வீட்டுப் பெண் பிள்ளை ஓடி வந்தாள். பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிற வயது. உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி, "உங்க நம்பர் குடுங்க" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. கொடுத்தேன்.

திரும்பும்போது அவரிடம் நான் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, பல நாள் பேசவில்லை. சமைத்தேன், பள்ளிக்குப் போனேன். கோபம் அவர்மேலா, அந்த முதலாளிமேலா, எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததன்மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அன்று அவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தால் வேலை போயிருக்கும். மகளின் படிப்பு நின்றிருக்கலாம். அந்த மனிதர் மோட்டாரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். இதையே மாற்றி மாற்றி யோசித்தேன். ஒருநாள் சாப்பிடும்போது, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லிங்க" என்றேன். "நீ என்னைப் பாக்கற பார்வ மாறிடும்னு பயந்தேன்" என்றார். மாறித்தான் இருந்தது. அதற்காக அவரை விட்டுவிட முடியுமா? இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அதன் பிறகு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு பிரேக் வேலை பார்க்கிற ஒரு பட்டறையில் அவராகப் போய் வேலை கேட்டுச் சேர்ந்தார். ஓட்டுகிற வேலை இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிற வேலை. பிரேக் லைனிங் தேய்ந்திருந்தால் வண்டியை வெளியே விடச் சம்மதிக்க மாட்டார். அவசரத்தில் இருக்கிற டிரைவர்கள் திட்டுவார்கள். சில முதலாளிகள் அந்தப் பட்டறைக்கு வண்டி அனுப்புவதையே நிறுத்தினார்கள். பட்டறைக்காரர் ஒருமுறை வீட்டுக்கே வந்து, "கொஞ்சம் அனுசரிச்சுப் போவச் சொல்லுங்க டீச்சர்" என்றார். நான் சரி என்றேன். அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். தெரியாத எண்ணிலிருந்து போன். என் நம்பரை வாங்கிய அந்தப் பெண் பிள்ளை.

"அம்மா பேசறாங்க."

மழைச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண்ணின் குரல். "மாமாவுக்கு ஒண்ணுக்குப் போவலீங்க. வயிறு கல்லாட்டம் இருக்குது. எப்பவும் வர ஆட்டோக்காரரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு. ஊருக்குள்ள கேட்டுப் பாத்துட்டேன், வண்டி எதுவும் இல்ல. நூத்தியெட்டும் வர நேரமாவும்ங்கறாங்க." அவ்வளவுதான் சொன்னார். வரச்சொல்லிக் கேட்கவில்லை.

"வந்துட்டே இருக்கேன்" என்றேன்.

நான் சாவியை எடுத்தபோது அவர் ஏற்கெனவே கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். இந்த முறை முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மழையில் கண்ணாடி மறைத்தது. "பஸ்ஸு வருது, ஒதுங்கு." "பள்ளம்." "இப்ப போலாம்." இப்படியே சொல்லிக்கொண்டு வந்தார். நானும் அவர் சொன்ன இடத்தில் ஒதுங்கி, சொன்ன இடத்தில் போனேன்.

பெரியவரால் நிமிர முடியவில்லை. என் கணவர் குனிந்து பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் கிடத்தினார். பெரியவர் வலியிலும் அவர் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, "யாரு பையன் நீயி?" என்று கேட்டார். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "கார்க்காரங்க, மாமா" என்றார் அந்தப் பெண். "நல்லாருப்பா" என்றார் பெரியவர்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் குழாய் போட்டதும் பெரியவருக்கு உயிர் வந்தது. இன்று இங்கேயே இருக்கட்டும், நாளைக்குப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார் டாக்டர். ஆண்கள் வார்டு. கூட இருக்க ஓர் ஆண் வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தார். அவருக்கு அண்ணன் தம்பி இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் பெண் பிள்ளை தனியாக இருந்தாள். மாடு கறக்க வேண்டும்.

"நான் இருக்கேங்க" என்றார் என் கணவர். நர்ஸிடம் சொல்வதுபோல, தரையைப் பார்த்துச் சொன்னார்.

கட்டிலில் பெரியவர் கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்திருந்தார். அந்தப் பெண் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையிலிருந்த துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் கட்டில்மேல் வைத்தார். "சக்கர மாத்திர சாப்பாட்டுக்கு முன்னால குடுக்கணும்" என்றார். "மாமாவுக்குக் காது மந்தம். கிட்ட போயி சொல்லணும்."

"சரிங்க."

அந்தப் பெண்ணை நான் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மழை விட்டிருந்தது. மாலை வெயில் ஈரத் தார்ரோட்டில் கண்ணைக் கூசச் செய்தது. என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இருமத்தூர் தாண்டியதும், "ஓட்டறது கஷ்டமுங்களா?" என்று கேட்டார். "மொத ரெண்டு மாசம் கஷ்டம்" என்றேன். "அப்பறம்?" "அப்பறம் பயம் போவாது, கை பழகிடும்" என்றேன்.

வாசலில் அவர் மகள் காத்துக்கொண்டு நின்றாள். மாடு கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்து இறங்கினார். இரண்டடி போனவர் திரும்பி வந்து கண்ணாடி வழியாகக் குனிந்தார்.

"நாளைக்குக் காலையில கொஞ்சம் வெள்ளனா வாங்கக்கா" என்றார். "மாமாவுக்குக் கஞ்சி கொண்டு போவணும். அவருக்கும் சேத்து சோறு கட்டிடறேன்."